ஈரக் கழிப்பறையில் பேட்டரி சென்சார் கருவிகள்: வரிசை தவறாத பராமரிப்பு முறை

கையை நீட்டினால் தண்ணீர் விடும் குழாய், ஆள் நகர்ந்ததும் தானே ஃப்ளஷ் ஆகும் யூரினல், சோப்பு சொட்டும் சுவர்ப்பெட்டி, ஆள் நுழைந்தால் எரியும் விளக்கு, மணம் தெளிக்கும் பெட்டி ஆகியவை வேலூர் லாட்ஜ்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மாணவர் விடுதிகளிலும் இப்போது சாதாரணமாகிவிட்டன. சுவரை உடைத்து வயர் இழுக்கும் வேலை இல்லாததால் பலரும் பேட்டரியில் ஓடும் வகையையே வாங்குகிறார்கள். நான் இவற்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன்; புதிதாக வரும் பையன்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கருவி வேலை செய்யவில்லை என்று தகவல் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முதலில் மூடியைத் திறந்துவிடுகிறார்கள்.

மூடியைத் திறப்பது பின்னால் வர வேண்டிய வேலை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக்காற்று உள்ளே புகுகிறது, ரப்பர் வளையம் இடம் மாறுகிறது, ஸ்க்ரூ மரை தேய்கிறது. திறக்காமலே தீரக்கூடிய கோளாறுகள் நிறைய இருப்பதால், கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று, டார்ச், கருவிக்குரிய ஸ்க்ரூ டிரைவரும் ஆலன் கீயும், பஞ்சு சுற்றிய குச்சிகள், பழைய பல் துலக்கும் பிரஷ், காய்ந்த பருத்தித் துணிகள் நான்கைந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால், சிறிய புட்டியில் வினிகர், சிலிக்கான் கிரீஸ், மாற்று ஓ-ரிங்குகள் (மூடியின் இடுக்கில் ஈரம் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), கையுறை, கண்ணாடி, விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று ஆகியவை வேண்டும். தட்டு எதற்கு என்று கேட்பார்கள். யூரினலுக்கு மேலே நின்று கழற்றும் சிறு ஸ்க்ரூ கைநழுவினால் நேராக வடிகாலுக்குள் போகும். அந்த ஸ்க்ரூ தனியாகக் கடையில் கிடைக்காது.

கொண்டுபோகக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். உப்புக் காகிதம், கம்பிச் சுருள், தேங்காய் எண்ணெய், வாசலின், குழாயில் அடிக்கும் துரு நீக்கி ஸ்பிரே ஆகியவற்றைப் பையிலேயே வைக்காதீர்கள். பையில் இருந்தால் அவசரத்தில் கை அங்கேதான் போகும். இவற்றில் முக்கியமான சில என்ன கெடுதல் செய்யும் என்பது உரிய இடத்தில் வரும்.

புதிய செல்கள் ஒரே கம்பெனியின், ஒரே பாக்கெட்டைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அவற்றைக் குளிர்சாதன அறையில் வைத்திருந்தால், வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துப் பாக்கெட்டைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கழிப்பறையின் காற்று 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர் முத்துமுத்தாகப் படியும். 24 டிகிரி ஏ.சி. அறையிலிருந்து எடுத்த செல்லை நேராகப் போட்டால், அந்த நீர்த்துளிகளையும் சேர்த்துத்தான் பெட்டிக்குள் மூடுகிறோம்.

2. வேலைக்கு எந்த நேரம் சரி

கழிப்பறையைக் கழுவி முடித்த உடனே போகக் கூடாது. லாட்ஜ் அறையாக இருந்தால், விருந்தினர் சுடுநீரில் குளித்துவிட்டுப் போன அரை மணிக்குள்ளும் போகக் கூடாது. கதவைத் திறந்துவைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே தொடங்க வேண்டும். கண்ணாடியில் மூச்சு விட்டுப் பாருங்கள். படிந்த ஆவி சில நொடிகளில் மறைந்தால் காற்று போதிய அளவு உலர்ந்திருக்கிறது, நெடுநேரம் நின்றால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

வேலூரில் பங்குனியிலிருந்து ஆனி வரை இந்தக் கவலை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள் முழுவதும் சுவர் காயாது. ஆகவே ஆண்டின் பெரிய பராமரிப்பை மழைக்கு முன், புரட்டாசிக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். மழைக்காலத்தில் அவசியமானால் மட்டும் திறக்கிறேன். அப்போதும் முடிந்தால் கருவியைக் கழற்றி உலர்ந்த அறைக்குக் கொண்டுபோய்த் திறக்கிறேன்.

3. திறக்காமல் பார்க்க வேண்டியவை

வேலையில் பாதி இந்தப் படியிலேயே முடிந்துவிடும் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் சென்சார் கண்ணைப் பாருங்கள். குழாய், யூரினல், சோப்புப் பெட்டி ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை உணரும் வகை. அந்தக் கருப்புக் கண்ணாடியின் மேல் சோப்புப் படலமோ உப்புக் கறையோ இருந்தால், கதிர் அங்கேயே சிதறித் திரும்பும். விளைவு இரண்டு விதமாக இருக்கும்: கையை நீட்டினாலும் தண்ணீர் வராது, அல்லது யாரும் இல்லாதபோதும் வந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் கட்டடத்திலும் கழிப்பறைக்குத் தனியாகப் போர்வெல் தொட்டியே வைத்திருப்பார்கள். ஒரு துளி காய்ந்தால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். துணியில் சிறிது வினிகர் தொட்டு ஒற்றி ஒரு நிமிடம் விட்டு, ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தால் கண்ணில் கீறல் விழும். அதன் பிறகு எத்தனை செல் மாற்றினாலும் அந்தக் குழாய் ஒழுங்காக நடந்துகொள்ளாது.

அடுத்து, கதிர் வருகிறதா என்று செல்போன் கேமராவால் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராத் திரையில் வெளிறிய ஊதாப் புள்ளியாக மினுங்கும். பல போன்களின் பின்பக்க கேமராவில் அதைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் முன்பக்க கேமராவையும் வைத்துப் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும். புள்ளி சீராக மினுங்கினால் பேட்டரியும் சர்க்யூட்டும் ஓரளவு உயிரோடு இருக்கின்றன, கோளாறு தண்ணீர்ப் பக்கம் இருக்கலாம் என்று பொருள்.

மூன்றாவதாக, எதிரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரி சீக்கிரம் தீருகிறது என்று வரும் புகார்களில் செல்லின் குற்றம் குறைவு. சென்சார் வேண்டாதபோது விழித்துக்கொள்வதே காரணமாக இருக்கும். சும்மா இருக்கும்போது கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. வால்வைத் திறக்கவும் மூடவும் கொடுக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும்தான் பேட்டரி உழைக்கிறது. ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் மட்டும் மாதாமாதம் செல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மற்ற மாடிகளில் வெள்ளை பீங்கான் வாஷ்பேசின். அங்கே மட்டும் புதிதாகப் பளபளக்கும் ஸ்டீல் பேசின். அதன் வளைந்த அடிப்பகுதி கதிரை நேராகத் திருப்பி அனுப்ப, குழாய் இரவெல்லாம் தானே திறந்து மூடிக்கொண்டிருந்தது. உணரும் தூரத்தைக் குறைத்ததும் அந்தச் செல்களே ஓர் ஆண்டுக்கு மேல் வந்தன. எதிர்க் கண்ணாடி, மேற்குப் பக்க வென்டிலேட்டரில் மாலை வெயில், கண் மேல் நின்றுவிட்ட நீர்த்துளி ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். ஒரு கருவியின் முன் ஐந்து நிமிடம் கையை நீட்டாமல் நின்று, அது எத்தனை முறை தானாக விழிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கின் கதை வேறு. அது கதிர் எதையும் அனுப்பாமல், உடலின் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கவனிக்கிறது. அக்னி நட்சத்திர நாள்களில் மேல்மாடிக் கழிப்பறையின் சுவரே 36, 37 டிகிரிக்கு வந்துவிட்டால், ஆளும் சுவரும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும். விளக்கு தாமதமாக எரியும் அல்லது எரியாது. வெயில் தணிந்ததும் தானே சரியாகும் இந்தக் கோளாறுக்காகப் பலர் நல்ல செல்லைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

4. தண்ணீரை அடைத்து, வடிகட்டி வலையை முதலில் சுத்தம் செய்தல்

குழாய்க்கும் யூரினலுக்கும் மட்டும் இந்தப் படி. பேட்டரிப் பெட்டியைத் திறக்கும் முன்பே இதை முடிக்க வேண்டும். வலையைக் கழற்றும்போது எப்படியும் கொஞ்சம் தண்ணீர் கொட்டும். அது கொட்டும் நேரத்தில் பெட்டி மூடியிருக்க வேண்டும்.

ஆங்கிள் காக்கை, அதாவது கருவிக்குத் தண்ணீர் வரும் வழியில் சுவரில் இருக்கும் அடைப்புத் திருகை, முழுவதும் மூடுங்கள். பிறகு சென்சாருக்கு முன் கையை நீட்டி, மிச்சத் தண்ணீர் வெளியேறி, வால்வு மீண்டும் மூடும் சத்தம் கேட்கும் வரை காத்திருங்கள். இந்தக் கருவிகளின் சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பான், பெரும்பாலும் துடிப்பு வகை. ஒரு துடிப்பில் திறக்கும், எதிர்த்துடிப்பில் மூடும், இடையில் உள்ளிருக்கும் காந்தமே அதை நிலையில் பிடித்திருக்கும். ஆகவே வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரியை எடுத்தால், அது திறந்தபடியே நின்றுவிடும். ஆங்கிள் காக்கை மூடாமல் செல்லைக் கழற்றிய ஒருவர், தண்ணீர் நிற்காமல் கொட்டுவதைக் கண்டு பதறி, கழற்றிய செல்லை ஈரக் கையாலேயே திரும்பப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே வாரத்தில் அந்தப் பெட்டியின் ஸ்பிரிங் துருப்பிடித்தது.

வலையில் மணலும் வெள்ளை உப்புத் துணுக்குகளும் இருக்கும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்ட வேண்டும். குழாய் மூடிய பிறகும் சொட்டினால் வால்வின் உள்ளிருக்கும் ரப்பர்த் தகட்டில் ஒரு துகள் சிக்கியிருக்கலாம். அதையும் இப்போதே கழற்றி அலசிவிடுங்கள். சொட்டுவதைப் பார்த்துவிட்டு பேட்டரி பலவீனம் என்று எழுதி அனுப்புபவர்கள் உண்டு. எல்லாச் செல்லும் சரியாக இருந்தும் ஒரு மணல் துகள் போதும் வால்வை முழுவதும் மூடவிடாமல் தடுக்க.

கழிப்பறை கழுவும் ஆசிட்டில் வலையை ஊறவைப்பது விரைவான வழிபோலத் தோன்றும். அது உப்போடு சேர்த்துக் குழாயின் குரோம் பூச்சையும் தின்றுவிடும்.

5. துடைத்துவிட்டுத் திறத்தல்

கருவியின் வெளிப்புறம், அதற்கு மேலே ஒரு முழ உயரச் சுவர், ஸ்க்ரூ குழிகள் ஆகியவற்றை முற்றிலும் துடையுங்கள். ஸ்க்ரூ குழியில் நிற்கும் ஒரு சொட்டு நீர், ஸ்க்ரூவைக் கழற்றியதும் மரை வழியாக உள்ளே இறங்கும். பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு குழியையும் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு உங்கள் கையையும் முன்கையையும் துடையுங்கள். வியர்வையும் உப்பு நீர்தான். மே மாதத்தில் புருவத்திலிருந்து சொட்டுவது சர்க்யூட் போர்டின் மேல் விழுந்ததைக் கண்டிருக்கிறேன்.

மூடியை எடுத்ததும் எதையும் தொடாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எந்த நிற வயர் எங்கே போனது, ஓ-ரிங் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். ஓ-ரிங்கை நகத்தால் எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பினால் விழும் மெல்லிய வெட்டு கண்ணுக்குத் தெரியாது, ஈரத்துக்கு அது போதும்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேற்புறத்தில் முத்துமுத்தாக இருந்தால் நீராவி குளிர்ந்து படிந்தது. அடியில் ஓரிடத்தில் தேங்கியிருந்தால் எங்கோ ஓட்டை வழியாகத் தண்ணீர் நேரடியாக வந்திருக்கிறது. பெரும்பாலும் வயர் நுழையும் இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் துடைத்து மூடினால் அடுத்த மாதமும் அதே வேலைக்கு வர வேண்டியிருக்கும்.

6. செல்களைச் சுமை கொடுத்து அளத்தல்

பென்சில் செல் எனப்படும் ஏ.ஏ. அளவு ஆல்கலைன் செல் புதிதாக இருக்கும்போது, சும்மா அளந்தால் 1.5 வோல்ட்டுக்கு மேலே, ஏறக்குறைய 1.6 வரை காட்டும். பாதி தீர்ந்த செல்லும் சற்று நேரம் ஓய்வாக இருந்துவிட்டால் 1.3க்கு மேல் காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பிப் புதியவர்கள் செல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வால்வுக்குத் துடிப்பு கொடுக்கும் கணத்தில் அதே செல் தாக்குப்பிடிக்காமல் சரிந்துவிடும். விளக்கு மினுங்கியும் தண்ணீர் வராததற்குக் காரணம் இதுவே.

ஆகவே ஒவ்வொரு செல்லையும் தனியாக எடுத்து, 10 ஓம் ரெசிஸ்டரை இரு முனைக்கும் குறுக்கே வைத்து, மூன்று நொடி பிடித்து, அந்த நேரத்தில் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர் ஓடும். ஒரு செல்லுக்கு இது பாதுகாப்பான சுமை. நான்கு செல் சேர்ந்த 6 வோல்ட் தொகுப்புக்கு அதே ரெசிஸ்டரை வைத்தால் அது விரலைச் சுடும், வைக்காதீர்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: சுமையில் 1.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் செல் குழாய்க்கும் யூரினலுக்கும் உதவாது. அது சுவர்க் கடிகாரத்தில் இன்னும் சில மாதம் ஓடும். ஒரே தொகுப்பின் செல்களுக்குள் 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் யாரோ பழையதையும் புதியதையும் கலந்திருக்கிறார்கள், அல்லது ஒரு செல் உள்ளுக்குள் கெட்டிருக்கிறது.

லித்தியம் செல்களுக்கு இந்தச் சோதனை கூடாது. நாணய வடிவ சி.ஆர். 2032 செல் இவ்வளவு பெரிய சுமையைத் தாங்காது. சில கம்பியில்லா சென்சார்களில் இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் தயோனில் குளோரைடு செல், தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய அதே வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை மீட்டரால் மதிப்பிட முடியாது, போட்ட தேதியை வைத்தே மாற்ற வேண்டும். அந்த வகை நெடுநாள் அலமாரியில் இருந்தால் உள்ளே ஒரு மெல்லிய படலம் உருவாகி, முதல் முறை சுமை வரும்போது வோல்ட் தாழ்ந்து பிறகு மெல்ல நிமிரும். போட்ட உடனே வேலை செய்யவில்லை என்று புது செல்லைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

செல்கள் நன்றாக இருந்தும் கருவி தடுமாறினால், செல்களைப் பெட்டிக்குள் போட்டு, போர்டுக்குப் போகும் இரு வயர்களின் முனையில் அளந்து பாருங்கள். யாரையாவது சென்சாருக்கு முன் கை நீட்டச் சொல்லி, வால்வு இயங்கும் அந்தக் கணத்தில் பார்க்க வேண்டும். செல்களின் கூட்டுத் தொகையைவிட அங்கே வெகுவாகக் குறைந்தால் இடையிலுள்ள ஸ்பிரிங்கும் தகடும்தான் தடை. அவற்றைச் சுத்தம் செய்யாமல் செல் மாற்றுவது பணத்துக்குக் கேடு.

7. கசிவையும் துருவையும் நீக்குதல்

கையுறையும் கண்ணாடியும் அணிந்த பிறகே இதைத் தொட வேண்டும். ஆல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எனும் காரம். காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

பொடியை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டில் விழும்படி துடைத்து எடுங்கள். ஊதாதீர்கள், முகத்துக்குத்தான் வரும். பிறகு வினிகரில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் ஒற்றுங்கள். படிந்த பொடியை அமிலம் முறிப்பதால் சிறிது நுரைக்கும். நுரை நின்றதும் தண்ணீர் தொட்ட குச்சியால் ஒரு முறை, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் ஒரு முறை துடைக்க வேண்டும். வினிகரை அப்படியே விட்டால் அதுவே தகட்டை அரிக்கத் தொடங்கும். ஆல்கஹாலின் வேலை மிச்ச நீரை இழுத்துக்கொண்டு ஆவியாவது. அது எளிதில் தீப்பற்றும், ஆகவே கதவு திறந்திருக்க வேண்டும், அருகில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

உப்புக் காகிதம் வேண்டாம் என்றதற்குக் காரணம் இங்கே வருகிறது. ஸ்பிரிங்கின் மேல் மெல்லிய நிக்கல் பூச்சு இருக்கும். தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும். பூச்சு போன இரும்பு இந்த ஈரத்தில் சில வாரங்களில் சிவந்துவிடும். ஏற்கெனவே பூச்சு போய் உளுத்த ஸ்பிரிங்கைக் காப்பாற்ற முயல வேண்டாம். பேட்டரிப் பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்கும் மாடலாக இருந்தால் அதையே மாற்றிவிடுங்கள்.

8. எந்த செல்லை, எப்படிப் போடுவது

விலை குறைந்த ஜிங்க் கார்பன் செல்கள் இந்த வேலைக்கு ஏற்றவையல்ல. அவற்றின் கொள்ளளவு குறைவு. தீரத் தீர வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகமே கரைவதால் சீக்கிரம் கசியும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகை செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான். நான்கு சேர்ந்தால் 4.8; ஆகவே 6 வோல்ட்டை எதிர்பார்க்கும் கருவி தொடக்கத்திலேயே பேட்டரி குறைவு என்று சிவப்பு விளக்கைக் காட்டலாம். கருவியின் கையேடு அனுமதித்தால் ஒழிய அவற்றைப் போடாதீர்கள்.

நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். தீர்ந்த செல் ஒன்று புதிய மூன்றோடு வரிசையில் இருந்தால், மற்ற மூன்றும் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது முற்றும் வற்றித் தலைகீழாக மாறி, உள்ளே வாயு சேர்ந்து, கசிந்துவிடும். செல்லின் விலையை மிச்சப்படுத்தப் போய் ஒரு கருவியை இழந்த மண்டப மேலாளரிடம் இதை விளக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

போட்ட தேதியை மார்க்கர் பேனாவால் ஒரு செல்லின் மேலும், மூடியின் உட்புறமும் எழுதுங்கள். வெளிப்புறம் எழுதினால் கழுவும்போது அழிந்துவிடும்.

9. மூடுதல்

ஓ-ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, விரல் நுனியில் கடுகளவு சிலிக்கான் கிரீஸ் எடுத்து, வளையம் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். வாசலினும் எண்ணெயும் பலவகை ரப்பரை ஊதிப் பெருக்கவைத்து மென்மையாக்கிவிடும். வளையம் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கும். தட்டையாக அமுங்கியோ விரிசல் விட்டோ இருக்கும் வளையத்தை மாற்றாமல் மூடாதீர்கள்.

ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் மூடி சாய்ந்து வளையம் ஓரிடத்தில் தூக்கிக்கொள்ளும். வளையம் அமுங்கியதும் நிறுத்துங்கள். பலம் காட்டினால் பிளாஸ்டிக் மரை உடையும்.

பெட்டிக்கு வரும் வயர், நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறி நுழையும்படி அமைக்க வேண்டும். வயரின் மேல் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக மேலிருந்து கீழாக நுழைந்தால் வயரே தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். உள்ளே இடம் இருந்தால் சிறிய சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைச் செல்லில் படாமல் வையுங்கள். நன்றாக அடைபட்ட பெட்டியில் அது மூடும்போது சிக்கிய ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டைப் பெட்டியில் ஒரு வாரத்தில் நிறைந்துவிடும்.

இடுக்கெல்லாம் சிலிக்கான் சீலன்ட் பிதுக்கி அடைப்பது பெரிய தவறு. சில கருவிகளின் அடியில் நீர் வடியவோ காற்றழுத்தம் சமமாகவோ வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அதை அடைத்தால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது.

மூடியதும் உடனே கையை நீட்டிச் சோதிக்காதீர்கள். பல மாடல்கள் பேட்டரி போட்ட சில நொடிகளில் எதிரே இருப்பதைப் பார்த்துத் தம் தூரத்தைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் உங்கள் கை அங்கே இருந்தால் அதையே பேசின் என்று எடுத்துக்கொள்ளும். விலகி நின்று அரை நிமிடம் விட்டு, ஆங்கிள் காக்கை மெல்லத் திறந்து, பத்து முறை இயக்கிப் பாருங்கள்.

10. தூய்மைப் பணியாளர்களோடு பேசுதல்

இந்தப் படியை விட்டால் மேலே செய்த அத்தனையும் ஒரு காலை நேரத்தில் கெட்டுப்போகும். அவர்கள்தான் நாள்தோறும் கருவியைத் தொடுபவர்கள். ஒரு கண் மங்கியது, ஒரு மூடி தளர்ந்தது என்பதை முதலில் காண்பவர்களும் அவர்களே. மண்டபம் ஒன்றில் வேலை செய்யும் அக்கா ஒருவர், “தம்பி, அந்தக் கடைசிக் குழாய் ராத்திரி தானா தண்ணி விடுது, நான் சொன்னா யாரும் கேக்கல” என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

அவர்களிடம் மூன்று செய்திகளைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். முதலாவது, ஹோஸ் பைப்பைக் கருவியின் மேல் பீய்ச்சக் கூடாது. பெட்டியில் ஐ.பி. 65 என்று எழுதியிருந்தால் புதிய நிலையில் தாரையாக அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். முதிர்ந்த ரப்பர் வளையத்துக்கும், ஆசிட் ஆவிக்கும், சுடுநீர் ஆவிக்கும் அந்த எண் உறுதி தருவதில்லை. இரண்டாவது, ஆசிட் ஊற்றினால் கதவையும் எக்ஸாஸ்டையும் திறந்துவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அதன் ஆவி மூடிய அறையில் தங்கி ஸ்பிரிங், தகடு, சாலிடர் எல்லாவற்றையும் அரிக்கும். மூன்றாவது கருவியைவிட முக்கியமானது: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, ஒன்றன் பின் ஒன்றாக அலசாமல் ஊற்றவும் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அது மூச்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

சோப்புப் பெட்டியில் கெட்டியான சோப்பை ஊற்றினால் மோட்டார் திணறிச் செல்லைத் தின்னும், தண்ணீர் கலந்து நீர்த்தால் முனையில் ஒழுகும்; கருவிக்கு எந்த வகை சோப்பு என்பதைப் பெட்டிக்குள் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

11. பதிவேடும், கருவி சும்மா இருக்கும் மாதங்களும்

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுத்து, நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திறந்த தேதி, சுமையில் ஒவ்வொரு செல்லும் காட்டிய எண், ஓ-ரிங் மாற்றிய தேதி, உள்ளே ஈரம் இருந்ததா என்ற நான்கும் போதும். இரண்டு ஆண்டு சேர்ந்தால் எந்தக் கருவி மற்றவற்றைவிடச் சீக்கிரம் செல்லைத் தீர்க்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது மூன்றாம் படிக்குத் திரும்பி அதன் எதிரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணைத் துடைப்பது வாரந்தோறும், வலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, திறந்து பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது உப்புத் தண்ணீர் வரும் கட்டடங்களுக்கு நான் வைத்திருக்கும் இடைவெளி.

கல்யாண மண்டபங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கழிப்பறைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். காற்றோட்டம் நின்று, வடிகால் ஈரம் உள்ளேயே தங்கி, பாதி தீர்ந்த செல்கள் கசிய அதுவே வாய்ப்பான காலம். ஆனி முடியும்போதும் கார்த்திகை முடியும்போதும் ஆங்கிள் காக்குகளை மூடி, செல்களைக் கழற்றி, கருவி எண் எழுதிய காகித உறையில் போட்டு அலுவலக அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆவணியிலும் தையிலும் முதல் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பே அவற்றை அளந்து போட்டால், குறைந்த செல்லை மாற்ற நேரம் இருக்கும்.

கழற்றிய பழைய செல்களைக் குப்பையோடு சேர்க்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்துபவர் அவற்றைப் பிற கழிவிலிருந்து பிரித்தே ஒப்படைக்க வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை இதற்கென்று வைத்து, லித்தியம் செல்களின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிய பிறகே அதில் போடுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசினால் தீர்ந்ததாக நாம் நினைக்கும் லித்தியம் செல்லும் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே டப்பாவைக் கழிப்பறைக்குள்ளோ, துணிகளும் ஆல்கஹால் புட்டியும் இருக்கும் அலமாரியிலோ வைக்காமல், உலர்ந்த தனி இடத்தில் வைக்க வேண்டும்.